ஓடிப்போவதற்கு அருவி எதற்கு?

கல்யாணம் பண்ணிக்கொள்ள எந்த அருவி நல்ல அருவி? சிரிக்காதீர்கள். வட அமெரிக்காவில் இன்றைக்கு இது காசு புழங்கும் கேள்வி. ‘எலோப்மென்ட்’ என்று பெயர். பழைய அகராதியைப் புரட்டினால், வீட்டுக்குத் தெரியாமல் காதலனோடு ஓடிப்போவது என்று இருக்கும். இன்று அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். மணமக்கள் இருவர், நடத்தி வைக்க ஒருவர், படம் எடுக்க ஒருவர், பின்னணியில் ஒரு மலையோ அருவியோ. அப்பா அம்மாவுக்கு எல்லாம் தெரியும். சில சமயம் செலவே அவர்களுடையதுதான். இதில் ஓடுகிறவர் யாரும் இல்லை. தண்ணீர் மட்டும்தான் ஓடுகிறது.

இதற்கு இடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டிகள் இருக்கின்றன. எந்த மாதத்தில் தண்ணீர் அதிகம், எத்தனை மணிக்குப் போனால் வெயில் முகத்தில் சரியாக விழும், கூட்டம் வருவதற்கு முன் எப்படி முடிப்பது, தரையில் புரளும் வெள்ளை கவுன் ஈரப்பாறையில் சேறாகாமல் எப்படி நடப்பது. எல்லாம் போட்டோவுக்கான யோசனைகள். நடக்கப்போவது கல்யாணம், அது மறுநாள் காலையிலும் செல்லுபடியாக வேண்டும் என்பது கடைசியில் ஒரு வரியாக வரும், ‘உள்ளூர் சட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்’ என்று.

எனக்கு இதில் தகராறு உண்டு. அந்தக் கடைசி வரிதான் முதல் வரியாக இருக்க வேண்டும். ஓடிப்போய்ச் செய்யும் கல்யாணத்தின் சரித்திரம் முழுக்க, மனிதர்கள் இடத்தைத் தேர்ந்தெடுத்தது சட்டத்தையும் சாட்சியையும் பார்த்துத்தான். காட்சியைப் பார்த்து அல்ல. அந்தச் சொல்லை எடுத்து ஒரு சுற்றுலாப் பொட்டலத்தின் மேல் ஒட்டுவது, உண்மையிலேயே ஓடியவர்களுக்குச் செய்கிற அவமரியாதை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கல்யாணத்துக்கு நான் எதிரி இல்லை. ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டு, மண்டபத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் கடன் வாங்கி, அதை ஐந்து வருடம் கட்டும் நம்மூர் வழக்கத்தோடு ஒப்பிட்டால், நான்கு பேரோடு முடிகிற கல்யாணம் மகா புத்திசாலித்தனம். ‘சின்னக் கல்யாணம்’ என்றே சொல்லிக்கொள்ளட்டும். கைதட்டுகிறேன். அதற்கு ஏன் ‘ஓடிப்போனோம்’ என்று பெயர்? யாரிடமிருந்து ஓடினீர்கள்?

சரி, நிஜமாக ஓடியவர்கள் எங்கே போனார்கள் என்று பார்ப்போம்.

கொல்லன் பட்டறை

இங்கிலாந்தில் 1753-ல் ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் நிறைவேறியது. 1754 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. 21 வயது ஆகாதவர்கள் உரிமம் பெற்றுக் கல்யாணம் செய்ய வேண்டுமானால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சடங்கு சர்ச்சில் முறைப்படி நடக்க வேண்டும். ஆனால் ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே பையனுக்கு 14, பெண்ணுக்கு 12 ஆகியிருந்தால் போதும். (இந்த வயதுகளை நான் கொண்டாடவில்லை. 1929-ல் இரண்டையும் 16 ஆக்கினார்கள், நல்ல காரியம்.) சாட்சிகளுக்கு முன்னால் ‘நாங்கள் கணவன் மனைவி’ என்று சொன்னால் கல்யாணம் முடிந்தது.

உடனே இங்கிலாந்து ஜோடிகள் வடக்கே வண்டி கட்டினார்கள். எல்லையைத் தாண்டியதும் முதலில் வரும் ஊர்களில் ஒன்று கிரெட்னா கிரீன். அங்கே கொல்லன் பட்டறையில், பட்டடைக் கல்லைச் சாட்சியாக வைத்துக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அப்படி நடத்தி வைத்தவர்களுக்கு ‘பட்டடைப் பாதிரி’ என்றே பெயர்.

கவனியுங்கள். ஸ்காட்லாந்தில் அழகான இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஏரி, மலை, அருவி எல்லாம் இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் கொட்டிக் கிடக்கின்றன. ஓடி வந்தவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டிய முதல் பட்டறையில் நின்றார்கள். பின்னால் பெண்ணின் அப்பா இன்னொரு வண்டியில் வந்துகொண்டிருக்கும்போது யார் காட்சி பார்ப்பார்கள்? கரியும் புகையும் சம்மட்டிச் சத்தமும் இருந்த இடம், சட்டம் அங்கே வேறாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக உலகப் புகழ் பெற்றது. 1856-ல், ஜோடியில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று விதி வந்ததும் அந்த அவசரக் கல்யாணங்களின் மவுசு குறைந்தது. பட்டறை அப்படியேதான் இருந்தது. சட்டம்தான் மாறியது.

வாஷிங்டனுக்கு ஒரு பயணம்

அமெரிக்காவுக்கு வருவோம். 1958 ஜூன் மாதம் வர்ஜீனியா மாநிலத்திலிருந்து ஒரு ஜோடி வாஷிங்டன் நகரத்துக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டது. ரிச்சர்ட் லவ்விங், மில்ட்ரெட் ஜெட்டர். (குடும்பப் பெயரே லவ்விங்! கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.) அவர் வெள்ளையர். அவர் மனைவி கறுப்பின, செவ்விந்திய வம்சாவளி. வர்ஜீனியாவில் 1924-லிருந்து இருந்த சட்டப்படி அந்தக் கல்யாணம் குற்றம். வாஷிங்டனில் குற்றம் இல்லை. இடத்தேர்வுக்கு அவ்வளவுதான் காரணம்.

ஊருக்குத் திரும்பிய சில வாரங்களில், நடு இரவில் போலீஸ் அவர்கள் படுக்கையறைக்குள் நுழைந்தது. சுவரில் மாட்டியிருந்த கல்யாணச் சான்றிதழைக் காட்டினார்கள். அது இங்கே செல்லாது என்று சொல்லிக் கைது செய்தார்கள். ஒரு வருடச் சிறைத் தண்டனை. 25 வருடம் இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வராமல் இருந்தால் தண்டனை நிறுத்திவைப்பு. 1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மாதிரிச் சட்டங்கள் அனைத்தையும் ரத்து செய்தது.

அவர்கள் சுவரில் மாட்டியது சான்றிதழை. இன்றைய அருவிக் கல்யாணக்காரர்கள் சுவரில் மாட்டுவது போட்டோவை. என் தகராறு முழுக்க இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

நயாகராவின் கதை

இப்போது அருவிக்கு வருவோம். அருவி என்றால் அங்கே நயாகராதான். கனடாவில் இருக்கும் நம்மவர் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் போனாலும், பெட்டியை இறக்கிய மறுவாரம் அழைத்துப் போகும் இடம் அதுதான். அந்த மஞ்சள், நீல மழைக்கோட்டு போட்டோ நம்மில் பலர் வீட்டு ஆல்பத்தில் உண்டு.

நயாகராவுக்கும் புதுமணத் தம்பதிகளுக்கும் இருநூறு வருட உறவு. அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த ஆரன் பர்ரின் மகள் 1801-ல் தேனிலவுக்கு அங்கே போனதுதான் தொடக்கம் என்பார்கள். 1825-ல் ஈரி கால்வாய் திறந்து, அப்புறம் ரயிலும் வந்தபின் கூட்டம் குவிந்தது. கூட்டம் வந்தால் கடை வரும் அல்லவா? அமெரிக்கக் கரை முழுக்கத் தனியார் கைக்குப் போனது. வேலி போட்டார்கள். அருவியை எட்டிப் பார்க்கக் காசு. கடைசியில் காசு கொடுக்காமல் அருவியைப் பார்க்க அந்தக் கரையில் ஓர் இடம்கூட இல்லை என்ற நிலை.

இதை எதிர்த்து ஓர் இயக்கமே நடந்தது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஃபிரெடெரிக் லா ஓல்ம்ஸ்டெட் அதில் முன்னணி. 1885 ஜூலை 15 அன்று நியூயார்க் மாநிலம் கரையை விலைக்கு வாங்கி, வேலியை எடுத்து, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. கனடாப் பக்கமும் அதே 1885-ல் பூங்காவுக்கு வாரியம் அமைத்து, 1888-ல் விக்டோரியா ராணி பூங்காவைத் திறந்தது. அதாவது அந்தக் கரை பொதுச் சொத்து ஆனதே ஒரு போராட்டத்தால். அங்கே போய் ‘எங்கள் படத்தில் வேறு யாரும் விழக்கூடாது, கொஞ்சம் ஒதுங்குங்கள்’ என்று ஒரு ஜோடியின் போட்டோகிராபர் கை காட்டும்போது, அன்று பிடுங்கிய வேலியை அரை மணி நேரத்துக்கு மறுபடி நடுகிறார்.

‘இயற்கையின் மடியில் கல்யாணம்’ என்கிறார்களே, அதையும் பார்ப்போம். நயாகராவில் எவ்வளவு தண்ணீர் விழ வேண்டும் என்பதை 1950-ல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்திருக்கின்றன. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, சுற்றுலாக்காரர்கள் பார்க்கும் பகல் நேரத்தில் விநாடிக்குக் குறைந்தது 1,00,000 கன அடி. இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி, 50,000 கன அடி போதும். மீதித் தண்ணீர் மின்சாரம் எடுக்கப் போகிறது. 1969-ல் பாறைகளை ஆராய்வதற்காக அமெரிக்கப் பக்க அருவியை ஜூன் முதல் நவம்பர் வரை அணை கட்டி நிறுத்தியே வைத்திருந்தார்கள். காட்சி நேரத்துக்குத் திறந்துவிடும் இயற்கை அது. இதில் தவறு ஒன்றும் இல்லை. மின்சாரமும் வேண்டும், அருவியும் வேண்டும். ஆனால் ‘மனிதன் கை படாத சாட்சி’ என்று நயாகராவைக் காட்டிச் சத்தியம் செய்பவர்கள் ஆபீஸ் நேரத்துக்கு ஓடும் ஒரு சாட்சியைப் பிடித்திருக்கிறார்கள் :-)

இன்னொன்று. அந்த அருவிக்கு ஒரு ‘ஓடிப்போன பெண்’ கதையும் உண்டு. ‘மெய்ட் ஆஃப் தி மிஸ்ட்’ என்ற படகின் பெயர் அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பழங்குடிப் பெண் ஒருத்தி தோணியில் ஏறி அருவியில் பலியானாள் என்பது கதை. அப்பா பார்த்த மாப்பிள்ளை பிடிக்காமல் போனாள் என்று ஒரு வடிவம். பலி கொடுத்தார்கள் என்று இன்னொரு வடிவம். எங்கள் முன்னோர் அப்படிப் பெண்களைப் பலி கொடுத்ததே இல்லை, இது வெள்ளைக்காரர்கள் கட்டிய கதை என்று பழங்குடி மக்கள் எதிர்த்தார்கள். 1996-ல் படகுக் கம்பெனி அந்தக் கதை சொல்வதை நிறுத்தியது. ஓடுகிற பெண்ணின் துயரத்தை அலங்காரமாக்கி டிக்கெட் விற்பது அங்கே புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அருவிக்குப் போகாத ஒரு கல்யாணம்

அதே நயாகரா ஆறு ஒரு காலத்தில் உண்மையாகவே எலோப்மென்ட் எல்லையாக இருந்தது. 2003 ஜூன் 10 அன்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்தை உடனே அமலுக்கு வரும்படி அங்கீகரித்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூயார்க் மாநிலத்தில் அனுமதி இல்லை. ஒன்டாரியோவில் கல்யாணம் செய்ய அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை. எனவே அமெரிக்க ஜோடிகள் எல்லை தாண்டினார்கள். கிரெட்னா கிரீன் கதையேதான். பட்டறைக்குப் பதில் நகராட்சி அலுவலகம்.

அப்படி எல்லை தாண்டியவர்களில் இருவர், நியூயார்க்கைச் சேர்ந்த எடித் விண்ட்ஸரும் தியா ஸ்பையரும். நாற்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். தியாவுக்கு நரம்பு மண்டல நோய், சக்கர நாற்காலி வாழ்க்கை. அதிக நாள் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். 2007 மே மாதம் நண்பர்கள் உதவியோடு விமானத்தில் டொராண்டோ போய், விமான நிலையத்தை ஒட்டிய ஒரு ஹோட்டலில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அங்கிருந்து நயாகரா காரில் ஒன்றரை மணி நேரம். போகவில்லை. போக உடம்பு இடம் கொடுத்திருக்காது, தேவையும் இல்லை.

2009-ல் தியா இறந்தார். அந்தக் கல்யாணத்தை அமெரிக்க மத்திய அரசு ஏற்கவில்லை. கணவன் மனைவி என்றால் விதிக்காத பரம்பரைச் சொத்து வரியை, 3,63,053 டாலர், எடித்திடம் வசூலித்தது. அவர் வழக்குப் போட்டார். 2013 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். கல்யாணம் என்றால் ஆணும் பெண்ணும் மட்டுமே என்று மத்திய அரசுக்குச் சொல்லியிருந்த சட்டப் பிரிவு செத்தது. ஒரு நாட்டின் சட்டத்தைத் திருப்பிப் போட்ட கல்யாணம் நடந்த இடம், விமானம் ஏறி இறங்கும் சத்தம் கேட்கும் ஒரு ஹோட்டல். எந்த ‘சிறந்த இருபது இடங்கள்’ பட்டியலிலும் அது வராது.

அப்படியானால் அருவிக்குப் பக்கத்தில் கல்யாணமே கூடாதா? கூடும். நயாகராவிலேயே அதற்கும் உதாரணம் இருக்கிறது. நியூயார்க் மாநிலம் ஒருபாலினத் திருமணத்தை அனுமதித்த சட்டம் 2011 ஜூலை 24 அன்று அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவு தாண்டியதும், பக்கத்து பஃபலோ நகரத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள் நயாகரா அருவி அருகே கல்யாணம் செய்துகொண்டார்கள். அருவி மேல் வானவில் நிற விளக்குகள். அவர்களைச் சுற்றிக் கூட்டம், கேமரா. பார்க்க வந்தவர்களை யாரும் ஒதுங்கச் சொல்லவில்லை. இனி எல்லை தாண்ட வேண்டாம், எங்கள் ஊரிலேயே, எல்லோரும் பார்க்க, எங்கள் பெயர் தெரிய நடக்கும் என்பதுதான் அன்றைய செய்தி. ஓட வேண்டிய காலம் முடிந்ததைக் கொண்டாட அருவி பொருத்தமான இடம். ஓடாதவர்கள் ஓடியதாக நடிக்க அது பொருத்தமான இடமா?

நம் சொல், நம் நிலம்

இதை ஏன் தமிழில் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று கேட்கலாம். காரணம், ‘ஓடிப்போவது’ என்ற சொல் நமக்குச் சுற்றுலாச் சொல் அல்ல.

சங்கக் கவிதையில் இதற்கு உடன்போக்கு என்று பெயர். தலைவி வீட்டை விட்டுத் தலைவனோடு போவது. திணை இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும், அருவி குறிஞ்சி நிலத்துக்கு உரியது. அங்கே நடப்பது யாருக்கும் தெரியாத சந்திப்பு, களவு. ஆனால் உடன்போக்குப் பாட்டுகள் பெரும்பாலும் பாலைத் திணையில் வரும். நீர் வற்றிய சுனை, நிழல் இல்லாத மரம், வழிப்பறிக் கள்வர், சுடும் கல். செவிலித்தாய் பெண்ணைத் தேடி அந்தச் சுரத்தில் நடந்து, எதிரே வருகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டே போவாள். காதலுக்கு அருவி, ஓடுவதற்குப் பாலை என்று இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஓடுகிறவர்களுக்கு வழி எப்படி இருக்கும் என்று அந்தப் புலவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கும் தெரியும். ஒன்டாரியோ தீர்ப்பு வந்த அதே 2003-ல், விருத்தாசலம் பக்கத்து கிராமத்தைச் சேர்ந்த முருகேசனும் கண்ணகியும் கடலூர் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மே மாதம் கல்யாணம். ஜூலை மாதம் சாதியின் பெயரால் இருவரையும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். வழக்கில் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆனது. 2025-ல் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது. கடலூரில் கடற்கரை உண்டு. அவர்கள் அதற்காகப் போகவில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸுக்காகப் போனார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ன்படி கல்யாணம் செய்ய, 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். ஓடி வந்தவர்களுக்கு அந்த முப்பது நாள் என்பது என்ன என்று யோசியுங்கள். இன்னொரு வழி சுயமரியாதைத் திருமணம். 1967-ல் தமிழக அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. இருவரும் இந்துக்களாக இருந்தால், புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம். உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால் போதும். வக்கீல் அறையில் ரகசியமாக நடப்பது செல்லாது என்று 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஊரறிய அறிவிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை; மிரட்டலுக்கு நடுவே இருப்பவர்கள் அப்படி அறிவிக்க முடியாமல் போகலாம் என்றது.

ஒரு வக்கீலின் அறை. ஃபைல் அடுக்கு, ஓடும் மின்விசிறி, டீ கிளாஸ். எலோப்மென்ட்டுக்கு இடம் என்றால் இதுதான் இடம். இதைப் படமெடுத்துப் பாருங்கள்.

அவர்கள் சொல்லும் பதில்கள்

‘சொல்லின் அர்த்தம் மாறிக்கொண்டேதான் இருக்கும், இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?’ என்பார்கள். மாறட்டும். ஆனால் ஒரு சொல் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில் வழக்கில் இருக்கும்போது, வசதியான கூட்டத்தின் அர்த்தம்தான் ஜெயிக்கும். ‘எலோப்’ என்று தேடுகிற ஒரு பெண் உண்மையிலேயே வீட்டுக்குப் பயந்து தேடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தேவை மூன்று தகவல். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், என்ன காகிதம் வேண்டும், யார் சாட்சி. முதலில் கிடைப்பது எந்த மாதத்தில் எந்த அருவி அழகு என்பது.

‘நாங்கள் இயற்கையை நேசிக்கிறோம்’ என்பது இரண்டாவது பதில். அருவியின் சாரல் படும் பாறையில் வளரும் பாசியும் பெரணியும் அந்த ஈரத்தையே நம்பி வாழ்பவை. ‘யாருக்கும் தெரியாத அருவி’ என்று ஒன்றைக் கண்டுபிடித்து, படத்தையும் ஊர்ப் பெயரையும் போட்டால், அடுத்த வருடம் அது யாருக்கும் தெரியாத அருவியாக இருக்காது. ஐஸ்லாந்தில் ஃபியாத்ரார்கில்யூவுர் என்று ஒரு பள்ளத்தாக்கு (வாயில் நுழையாது, விடுங்கள்). 2015-ல் ஜஸ்டின் பீபர் பாட்டு வீடியோவில் வந்தது. அப்புறம் வந்த கூட்டத்தின் காலடியில் பாசி நாசமாகி, 2019-ல் பல மாதம் மூடி வைக்க வேண்டியிருந்தது. பாடகர் கெட்ட எண்ணத்தோடு போகவில்லை. அழகைக் காட்டத்தான் போனார்.

மூன்றாவது பதில், ‘எங்கள் கல்யாணம், எங்கள் இஷ்டம்’. சரிதான். இஷ்டப்படி செய்யுங்கள். ஆனால் கல்யாணம் என்பதே இரண்டு பேர் மட்டும் சேர்ந்து முடிக்க முடியாத காரியம் என்பதால்தான் சட்டம் சாட்சி கேட்கிறது. அமெரிக்காவிலேயே கொலராடோ போன்ற சில இடங்களில் மணமக்கள் தாங்களே நடத்திக்கொள்ளலாம், சாட்சிகூட வேண்டாம். அங்கேயும் அரசாங்கக் காகிதம் உண்டு.

அப்படியும் அருவிதான் என்றால்

பிடிவாதமாக அருவிதான் வேண்டும் என்பவர்களுக்கு, நயாகராவையே வைத்து, எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

1. முதலில் சட்டம். ஆற்றின் இரண்டு கரைக்கும் இரண்டு சட்டம். நியூயார்க் பக்கம் உரிமம் வாங்கியபின் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும்; உரிமம் 60 நாள் செல்லும். ஒன்டாரியோ பக்கம் காத்திருப்பு இல்லை. 90 நாள் செல்லும். ஏற்கெனவே வெளிநாட்டில் விவாகரத்து ஆனவர் என்றால் ஒன்டாரியோவில் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அதற்கு நாளாகும்.

2. அடுத்து சாட்சி. ஒன்டாரியோவில் இருவர், நியூயார்க்கில் ஒருவராவது. போட்டோகிராபரையே சாட்சிக் கையெழுத்துப் போட வைப்பது இப்போது வழக்கம். சட்டப்படி சரி. இருபது வருடம் கழித்து உங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு யார் இருப்பார்கள் என்று மட்டும் யோசியுங்கள்.

3. யாரால் வர முடியாது? முழங்கால் வலிக்கிற பாட்டி, சக்கர நாற்காலி நண்பன். ஈரப்பாறைப் படிக்கட்டு அவர்களை அழைப்பிதழிலிருந்து நீக்கிவிடும். நயாகரா கரையில் சமதளப் பாதை உண்டு. காட்டுக்குள் இருக்கும் ‘ரகசிய’ அருவிகளில் பெரும்பாலும் கிடையாது.

4. விளிம்பு. கைப்பிடிச் சுவர் கவிதைக்கு இடைஞ்சல் அல்ல. அந்தக் காலத்தில் குளிர்காலத்தில் நயாகரா ஆற்றின் மேல் உறையும் பனிப் பாலத்தில் ஜனங்கள் நடந்து வேடிக்கை பார்ப்பார்கள். 1912 பிப்ரவரி 4 அன்று அது உடைந்தது. ஒரு கணவனும் மனைவியும், அவர்களுக்கு உதவத் திரும்பிய ஓர் இளைஞனும் ஆற்றோடு போனார்கள். அதற்கப்புறம் அதில் நடக்க அனுமதி இல்லை.

5. அனுமதியும் அக்கம்பக்கமும். பூங்காவில் சடங்கு நடத்த முன் அனுமதி வாங்குங்கள். வாங்கினாலும் கரை உங்களுடையது ஆகாது.

6. கடைசியில் காட்சி. அதோடு காதும். பெரிய அருவிக்குப் பக்கத்தில் நின்று சொல்லும் உறுதிமொழி எதிரே நிற்பவருக்கே கேட்காது. சாட்சி சொல்ல வந்தவர் எதைக் கேட்டு சாட்சி சொல்வார்?

இந்த வரிசையில் யோசித்தால் பாதிப் பேர் நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மத்தியானம் எல்லோரையும் கூட்டிக்கொண்டு அருவி பார்க்கப் போவார்கள். அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. கல்யாணம் காகிதத்தில் பத்திரமாக இருக்கும். அருவி மழைக்கோட்டு போட்ட மற்ற ஜனங்களுக்கும் இருக்கும். ‘ஓடிப்போனவர்கள்’ என்ற பெயர், அடுத்த பஸ்ஸில் ஏறி எந்த ஊர் ஆபீஸில் இறங்கலாம் என்று இந்த நிமிஷம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு இருக்கட்டும். அவர்களிடம் அதைத் தவிர இப்போதைக்கு வேறு ஒன்றும் இல்லை.